76 முறை வீழ்த்தப்பட்ட குவாட்டர்பேக்: டேவிட் காரின் தோல்வியில் யாருக்கு எவ்வளவு பங்கு?

அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீகில், ஒரே பருவத்தில் மிக அதிக முறை பந்துடன் தரையில் வீழ்த்தப்பட்ட குவாட்டர்பேக் (தாக்குதலை நடத்தி, பந்தை எறியும் வீரர்) என்னும் வேண்டாத சாதனை 2002ஆம் ஆண்டு முதல் டேவிட் காரின் பெயரில் இருக்கிறது. ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணிக்காக ஆடிய முதல் பருவத்தின் 16 ஆட்டங்களில் அவர் 76 முறை வீழ்த்தப்பட்டார். அந்த ஆண்டின் கல்லூரி வீரர் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக எடுக்கப்பட்டவர் அவர்தான். ஐந்து பருவங்களுக்குப் பிறகு அதே அணி அவரை விடுவித்தபோது, அவர் தொடக்கத்திலிருந்து ஆடிய 75 ஆட்டங்களில் 22 வெற்றிகளும் 53 தோல்விகளும் பதிவாகியிருந்தன. அதன்பின் எந்த அணியும் அவரைத் தன் நிலையான குவாட்டர்பேக்காக வைத்துக்கொள்ளவில்லை.

இந்தத் தோல்வியை விளக்க இரண்டு பதில்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. புதிதாகத் தொடங்கிய ஓர் அணி தன் இளம் வீரரைப் பாதுகாப்பில்லாமல் களத்தில் நிறுத்தி அழித்துவிட்டது என்பது முதல் பதில். பந்தை நேரத்தில் கைவிடத் தெரியாத ஒருவர், தன் குறைக்குத் தன் முன்னே நின்றவர்கள் மீது பழிபோட இடம் கிடைத்தது என்பது இரண்டாவது. ஐந்தாண்டுகளில் படிப்படியாக நடந்த ஒன்றை ஒரே நிகழ்வாக எண்ணிப் பேசுவதால்தான் இரண்டு பதில்களும் பாதியில் நின்றுவிடுகின்றன என்பது என் கருத்து. 2002இல் ஹூஸ்டனில் நடந்ததற்கான பொறுப்பு வேறு; 2007இல் அவரிடம் எஞ்சியிருந்த ஆட்டத்துக்கான பொறுப்பு வேறு. இவற்றைப் பிரித்துப் பார்க்க உதவும் சான்றுகள் ஆட்டக் குறிப்புகளிலேயே கிடைக்கின்றன.

முதலில் அந்த வேலையின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு ஆட்டமுயற்சியும் தொடங்கும்போது, நடுவில் குனிந்திருக்கும் சென்டர் தன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் குவாட்டர்பேக்கிடம் தருகிறார். சென்டரையும் சேர்த்து ஐந்து லைன்மேன்கள் குவாட்டர்பேக்கின் முன்னே அரணாக நிற்கிறார்கள். எதிரணியின் பெரிய உருவங்கள் அந்த அரணைத் தகர்த்து அவரை அடைய முயல்கின்றன. பந்தை எறிய நினைக்கும் குவாட்டர்பேக்குக்குப் பொதுவாக இரண்டரை முதல் மூன்று விநாடிகளே கிடைக்கும். அதற்குள் அவர் எதிரணியின் தற்காப்பு எப்படி விரிகிறது என்று கணித்து, முதலில் எண்ணிய வீரர் மறைக்கப்பட்டிருந்தால் அடுத்தவரையும், அவரும் மறைக்கப்பட்டிருந்தால் மூன்றாமவரையும் பார்த்து, பந்தை எறிந்துவிட வேண்டும். எறியுமுன் அவரையே பந்தோடு தரையில் சாய்த்துவிட்டால் அதற்குச் சாக் என்று பெயர். சாய்க்கப்பட்ட இடத்திலிருந்தே அடுத்த முயற்சி தொடங்குவதால் அணி பல கெஜங்களை இழக்கிறது. பந்து கைநழுவினால் எதிரணியிடமே போய்விடவும் கூடும். இவ்வாறு வீழ்த்தப்படுவதில் அரண் காத்தவர்களின் தவறும் இருக்கலாம், எறியத் தாமதித்தவரின் தவறும் இருக்கலாம். குறிப்பேட்டில் அது குவாட்டர்பேக்கின் பெயரில் மட்டுமே ஏறுகிறது.

ஹூஸ்டன் நகரம் தன் பழைய அணியான ஆயிலர்ஸை 1996ஆம் ஆண்டுப் பருவத்தோடு டென்னசிக்குப் பறிகொடுத்தது. 2002இல் லீகின் 32ஆவது அணியாக டெக்சன்ஸ் பிறந்தது. புதிய அணிக்கு ஆள் சேர்க்க இரண்டு வழிகள் கொடுக்கப்பட்டன. ஏனைய 31 அணிகளும் விட்டுக்கொடுக்க முன்வந்த வீரர்களிலிருந்து சிலரை எடுத்துக்கொள்ளலாம். கல்லூரி வீரர்களுக்கான வழக்கமான டிராஃப்டில் முதல் தேர்வும் அவர்களுக்கே. இந்த முதல் தேர்வில் வந்தவர்தான் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கார். 2001இல் அவர் அங்கே 46 டச்டவுன் (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுவது) எறிந்து, தன் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பெரிய கல்லூரிகளின் வரிசையில் பேசவைத்திருந்தார். வலுவான கை, வேகமான கால்கள், ஒழுங்கான வாழ்க்கை என்று ஒரு நிர்வாகம் எதிர்பார்க்கும் எல்லாமும் அவரிடம் இருந்தன. அன்று அவரைத் தேர்ந்தெடுத்தது தவறு என்று சொன்னவர்கள் அதிகமில்லை.

மற்ற அணிகள் விட்டுக்கொடுத்த வீரர்களில் டெக்சன்ஸ் முதலாவதாக எடுத்தவர் டோனி பொசெல்லி. ஜாக்சன்வில் அணியின் இடது டேக்கிளாக, அதாவது அரணின் இடது ஓரத்தில் நிற்கும் லைன்மேனாக இருந்த இவர், அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த லைன்மேன்களில் ஒருவர். 2022இல் ஹால் ஆஃப் ஃபேம் என்னும் மிகச் சிறந்த வீரர்களின் கௌரவ வரிசையில் இடம்பெற்றவர். வலக்கையால் எறியும் குவாட்டர்பேக்குக்கு இடப்பக்கம் கண் போகாத பக்கம். அங்கிருந்து பாய்ந்து வருபவரைக் கடைசி நொடியில்தான் உணர முடியும். ஆகவே இடது டேக்கிள் என்பது அரணிலேயே மிக முக்கியமான இடம். அந்த இடத்துக்கு நாட்டின் சிறந்த வீரரைக் கொண்டுவந்து, அவர் பின்னே ஓர் இளைஞரை வளர்ப்பது என்பது காகிதத்தில் குறை சொல்ல முடியாத திட்டம். ஆனால் பொசெல்லி தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நிலையில்தான் ஹூஸ்டனுக்கு வந்தார். அந்தத் தோள் தேறவேயில்லை. டெக்சன்ஸ் சீருடையில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 2003இல் அவர் ஓய்வு பெற்றார்.

அவர் இல்லாமற்போனதும் அரண் முழுவதும் இடம்மாறிப் போனது. அந்த ஆண்டு இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்ட செஸ்டர் பிட்ஸ், கல்லூரியிலிருந்து வந்த கையோடு 16 ஆட்டங்களிலும் தொடக்கத்திலிருந்து ஆட வேண்டியிருந்தது. அவர் பின்னாளில் பல ஆண்டுகள் நம்பகமான வீரராக நிலைத்தவர். திறமையில் அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புதிய குவாட்டர்பேக்கும் புதிய லைன்மேனும் ஒரே ஆண்டில், அதுவரை ஒருவரோடொருவர் ஆடியிராதவர்களின் நடுவே, லீகின் தேர்ந்த தற்காப்பு வீரர்களை எதிர்கொள்வது தனியாட்களின் திறமையால் தாங்கக்கூடிய சுமை அன்று. லைன்மேன்களின் வேலை ஐவரும் ஒரே மனமாக இயங்க வேண்டிய வேலை. எதிரணி வீரர் ஒருவர் இடம்மாறி வந்தால் அவரை யார் எடுப்பது, யார் விடுவது என்பதைப் பேச்சில்லாமல் தீர்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடி வரும் அந்தப் பழக்கத்தைப் புதிய அணி எந்த விலைக்கும் வாங்க முடியாது.

முதல் ஆட்டம் நம்பிக்கை தந்தது. 2002 செப்டம்பர் 8 அன்று, சொந்த மைதானத்தில், டெக்சாஸின் பெருமையான டாலஸ் கவ்பாய்ஸை 19-10 என்று டெக்சன்ஸ் வென்றது. கார் தன் முதல் டச்டவுனை அன்றே எறிந்தார். ஆனால் அதன்பின் வந்த வாரங்களில் வீழ்ச்சிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஐந்து. அணியின் நிலையை மிகத் தெளிவாகக் காட்டுவது டிசம்பர் மாதம் பிட்ஸ்பர்க்கில் நடந்த ஆட்டம். டெக்சன்ஸ் அதை 24-6 என்று வென்றது. ஆனால் ஆட்டம் முழுவதும் அவர்களுடைய தாக்குதல் அணி முன்னேறிய தூரம் மொத்தம் 47 கெஜம் மட்டுமே. அத்தனை குறைந்த தூரத்தோடு எந்த அணியும் அதுவரை வென்றதில்லை. எதிரணியின் பந்துகளைப் பறித்து ஓடிய தற்காப்பு வீரர்கள், குறிப்பாக ஏரன் கிளென், அந்த வெற்றியைத் தந்தார்கள். மற்ற அணிகள் விட்டுக்கொடுத்த பட்டியலிலிருந்து நல்ல தற்காப்பு வீரர்களை எடுக்க நிர்வாகத்துக்கு முடிந்திருக்கிறது. தாக்குதல் பக்கம் அந்தக் கவனம் ஒரு தோளை நம்பியே இருந்தது.

பருவ முடிவில் காரின் கணக்கு இது: எறிந்த 444 பந்துகளில் 52.5 விழுக்காடு தன் அணியினர் கையில் சேர்ந்தன, 9 டச்டவுன், 15 பந்துகள் எதிரணி கைக்குப் போயின. அணி 4 வெற்றி, 12 தோல்வி.

இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். வீழ்த்தப்படுவது பெரும்பாலும் அரணின் குறை என்று ரசிகர்கள் எண்ணுகிறார்கள். ஆனால் குவாட்டர்பேக் ஒருவர் அணி மாறும்போது அவருடைய வீழ்ச்சி விகிதமும் ஓரளவு அவரோடே பயணிக்கிறது என்பதைப் புள்ளிவிவர ஆய்வாளர்கள் பலரும் கண்டிருக்கிறார்கள். 1998இல் டிராஃப்டின் முதல் தேர்வாக வந்த பெய்ட்டன் மேனிங், 3 வெற்றியும் 13 தோல்வியும் கண்ட இண்டியானபொலிஸ் அணியில் ஆடினார். 28 பந்துகளை எதிரணியிடம் கொடுத்தார். ஆனால் 575 முறை எறிந்தவர் வீழ்த்தப்பட்டது 22 முறை மட்டுமே. தவறாக எறிந்தாலும் நேரத்தில் எறிந்தார். அதற்கு மறுபுறத்தில், கார் முறியடித்த பழைய சாதனைக்குரியவரான ரேண்டல் கன்னிங்ஹம் இருக்கிறார். 1986இல் ஃபிலடெல்ஃபியாவுக்காக 209 முறை மட்டுமே எறிந்த அவர் 72 முறை வீழ்த்தப்பட்டார். அந்த அணி மொத்தமாக அந்தப் பருவத்தில் 104 முறை வீழ்த்தப்பட்டதால் அரணின் கேடு வெளிப்படையானதுதான். ஆயினும் ஓடித் தப்பி எதையாவது செய்துவிடலாம் என்று பந்தை வைத்துக்கொண்டே இருப்பது கன்னிங்ஹமின் இயல்பு. காரிடமும் அந்த இயல்பு இருந்தது. நல்ல கால்கள் உள்ளவர், கல்லூரியில் அதைக்கொண்டே பிழைத்தவர், மூன்றாம் நொடியிலும் பந்தைக் கையில் வைத்திருந்தார். அந்த 76இல் ஒரு பகுதி அவருடையதுதான். இதை மறுப்பவர்கள் அவருக்கு நன்மை செய்யவில்லை.

எவ்வளவு பகுதி என்பதற்கு ஐந்து பருவங்களையும் விகிதமாக்கிப் பார்ப்பது உதவுகிறது. எறிய முயன்ற ஒவ்வொரு நூறு தடவைக்கும் எத்தனை முறை வீழ்த்தப்பட்டார் என்று கணக்கிட்டால், 2002இல் அது 14.6. அடுத்த ஆண்டு, 2003இல், 4.8. அதற்கடுத்து 2004இல் 9.5, 2005இல் மறுபடி 13.8, 2006இல் 8.5. எண்ணிக்கையில் சொன்னால் 76, 15, 49, 68, 41. ஐந்தாண்டில் 249 முறை. 2003இல் காயத்தால் சில ஆட்டங்களைத் தவறவிட்டார் என்றாலும், விகிதம் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே மூன்றில் ஒரு பங்காக விழுந்திருக்கிறது.

இந்த 2003ஆம் ஆண்டுதான் எனக்கு இந்த விவகாரத்தின் திறவுகோலாகத் தெரிகிறது. பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்பது மாற்றமுடியாத பிறவிக் குணமாக இருந்தால், இரண்டாம் ஆண்டில் அது மறைந்திருக்கக் கூடாது. அந்த ஆண்டு இரண்டு புதிய துணைகள் கிடைத்தன. டிராஃப்டில் மூன்றாவதாக வந்த ஆண்ட்ரே ஜான்சன், பின்னாளில் அணியின் வரலாற்றிலேயே சிறந்த ரிசீவராக (எறியப்படும் பந்தைப் பிடிப்பவராக) ஆனவர். நான்காம் சுற்றில் கிடைத்த டோமினிக் டேவிஸ், பந்தைச் சுமந்து ஓடி 1,031 கெஜம் சேர்த்தார். ஓட்டமும் பலிக்கும் என்று எதிரணி அஞ்சத் தொடங்கினால், தற்காப்பு வீரர்கள் குவாட்டர்பேக்கை நோக்கிக் கண்மூடிப் பாய முடியாது. அவர்கள் தயங்கும் அரை நொடி அவருக்குச் சேர்கிறது. மறுபுறம், 2002இல் பட்டபாடு கண்ட பயிற்சியாளர்கள் அவரை எறியவைப்பதையே குறைத்தார்கள். காரணம் எதுவானாலும், சூழல் மாறியபோது அதே மனிதரின் விகிதம் இவ்வளவு தூரம் மாறியது என்பது, முதல் பருவத்தின் எண்ணை முழுக்க அவர் தலையில் வைப்பவர்களால் விளக்க முடியாத உண்மை.

2004 அவருடைய சிறந்த ஆண்டு. 3,531 கெஜம், 16 டச்டவுன், 61.2 விழுக்காடு. அணி 7 வெற்றி, 9 தோல்வி. கடைசி ஆட்டத்தில் பலவீனமான கிளீவ்லண்டிடம் சொந்த மைதானத்தில் தோற்காமல் இருந்திருந்தால் பாதிக்குப் பாதி என்று முடித்திருக்கும். ஆனால் அந்த ஆண்டிலேயே வீழ்ச்சி விகிதம் இரட்டிப்பாகி இருந்ததை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. 2005 பருவத்தில் இரண்டு ஆட்டங்கள் முடிந்தவுடன் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் கிறிஸ் பாமர் நீக்கப்பட்டார். லைன்மேன்களின் பயிற்சியாளராக இருந்த ஜோ பெண்ட்ரி அந்த இடத்துக்கு வந்தார். 68 வீழ்ச்சிகள், 2 வெற்றி, 14 தோல்வி என்று அந்தப் பருவம் முடிந்தது.

பாமரின் பெயர் இங்கே இன்னொரு காரணத்துக்காகவும் நினைவுகூரப்பட வேண்டும். 1999இல் மீண்டும் தொடங்கப்பட்ட கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். அங்கும் டிராஃப்டின் முதல் தேர்வாக டிம் கவுச் என்னும் குவாட்டர்பேக் வந்தார். அங்கும் புதிய அணி, சேர்த்து ஒட்டிய அரண். முதல் பருவத்தில் கவுச் 56 முறை வீழ்த்தப்பட்டார், அணி 2 வெற்றி 14 தோல்வி. சில ஆண்டுகளில் கவுச்சின் ஆட்டவாழ்வு முடிந்துபோனது. ஆக, டெக்சன்ஸ் கார் மீது சோதித்தது ஏற்கெனவே ஒருமுறை தோற்ற வழிமுறை. அந்தத் தோல்வியை அருகிலிருந்து பார்த்தவரே அதன் பொறுப்பில் இருந்தார்.

தலைமைப் பயிற்சியாளர் டோம் கேப்பர்ஸின் கதை இதைவிடவும் வியப்பளிப்பது. 1995இல் புதிய அணியாகத் தொடங்கிய கரோலைனா பேந்தர்ஸின் முதல் பயிற்சியாளரும் அவரே. அங்கே டிராஃப்டில் ஐந்தாவதாக வந்த இளம் குவாட்டர்பேக் கெரி காலின்ஸை அவர் முதல் ஆட்டத்திலேயே இறக்கவில்லை. அனுபவமுள்ள ஃபிராங்க் ரைக் முதல் மூன்று ஆட்டங்களைத் தொடங்கினார். பிறகே காலின்ஸ் வந்தார். அடுத்த ஆண்டு அந்த அணி லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே வரை போனது. மூன்று ஆட்டங்கள் பெரிய காத்திருப்பு அல்ல. கரோலைனாவுக்குக் கிடைத்த வீரர்களும் ஹூஸ்டனுக்குக் கிடைத்தவர்களைவிட மேலானவர்கள். ஆனாலும் ஓர் இளைஞரை எப்போது இறக்குவது என்பது பயிற்சியாளர் கையிலுள்ள முடிவு என்பதை கேப்பர்ஸ் அறியாதவரல்லர். ஹூஸ்டனில் டோனி பேங்க்ஸ் என்னும் அனுபவசாலி மாற்று வீரராக இருந்தார். பொசெல்லி ஆடப்போவதில்லை என்பது தெளிவான பிறகும், ஐம்பதாவது வீழ்ச்சிக்குப் பிறகும், அறுபதாவது வீழ்ச்சிக்குப் பிறகும், 16 ஆட்டங்களையும் கார்தான் தொடங்கினார். நகரம் தன் புதிய நாயகனைப் பார்க்க விரும்பியது. அனுபவம் ஆட்டத்தில்தான் வரும் என்று நிர்வாகம் நம்பியது. இரண்டும் புரிந்துகொள்ளக்கூடியவை. ஆனால் அந்த ஆண்டு கிடைத்த அனுபவம் எத்தகையது என்று அவர்கள் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

நிர்வாகத்தின் பொறுப்பை எடைபோட இன்னொரு சான்று டிராஃப்ட் பட்டியலில் உள்ளது. காரின் பெயரிலேயே சாதனை எழுதப்பட்ட பிறகு, அடுத்தடுத்த முதல் சுற்றுகளில் டெக்சன்ஸ் எடுத்தவர்கள் இவர்கள்: 2003இல் ரிசீவர் ஆண்ட்ரே ஜான்சன், 2004இல் தற்காப்பு வீரர்களான டன்டா ராபின்சன், ஜேசன் பேபின், 2005இல் தற்காப்பு வீரர் டிராவிஸ் ஜான்சன், 2006இல், நாட்டின் முதல் தேர்வு மீண்டும் கைக்கு வந்தபோது, தற்காப்பு வீரர் மாரியோ வில்லியம்ஸ். தாக்குதல் அரணுக்காக முதல் சுற்றில் ஒருவரும் இல்லை. அந்த இடத்துக்கு முதல் சுற்றில் அவர்கள் முதன்முறையாக ஒருவரை எடுத்தது 2008இல், டுவேன் பிரவுனை; கார் போய் ஓராண்டு கழிந்திருந்தது. ஆண்ட்ரே ஜான்சனும் மாரியோ வில்லியம்ஸும் மிகச் சிறந்த தேர்வுகள் என்பதால் தனித்தனியே எந்த முடிவையும் பெரிதாகக் குறைசொல்ல இயலாது. சேர்த்துப் பார்க்கும்போதுதான் அலட்சியம் தெரிகிறது. வீட்டின் கூரை ஒழுகுவதை ஒவ்வொரு மழையிலும் பார்த்துவிட்டு, ஒவ்வொரு கோடையிலும் வேறொரு நல்ல பொருளை வாங்கியது போன்றது அது.

2006இல் கேப்பர்ஸ் போய், கேரி கூபியாக் வந்தார். டென்வரில் ஜான் எல்வேயின் மாற்று வீரராகவும் பின் அங்கே பயிற்சியாளராகவும் இருந்த அவர், குவாட்டர்பேக்குகளை வளர்ப்பதில் பெயர் பெற்றவர். காரின் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா என்று நிர்வாகம் முடிவெடுக்க வேண்டியிருந்த ஆண்டு அது, நீட்டித்தார்கள். ஹூஸ்டனிலேயே வளர்ந்து, டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குத் தேசியப் பட்டம் வென்று தந்த குவாட்டர்பேக் வின்ஸ் யங்கை எடுக்கும் வாய்ப்பையும் காருக்காக விட்டார்கள். அந்த டிசம்பரில் டென்னசி அணியோடு ஹூஸ்டனுக்கு வந்த யங், கூடுதல் நேரத்தில் 39 கெஜம் ஓடி டெக்சன்ஸைத் தோற்கடித்தபோது, சொந்த ரசிகர்களின் பொறுமை கார் விஷயத்தில் முடிந்துபோனது.

அந்தப் பருவத்தின் எண்களைத் தனியே படித்தால் அது அவருடைய வெற்றி ஆண்டு என்று தோன்றும். 68.3 விழுக்காடு பந்துகளைச் சேர்த்து லீகிலேயே முதலிடம். பஃபலோவுக்கு எதிரான ஆட்டத்தில் தொடர்ந்து 22 பந்துகளைத் தவறாமல் சேர்த்து அப்போதைய சாதனையைச் சமன் செய்தார். ஆனால் எறிந்த ஒவ்வொரு பந்துக்கும் கிடைத்த தூரம் சராசரியாக 6.3 கெஜம் மட்டுமே. 302 பந்துகள் சேர்ந்தும் டச்டவுன் 11தான், பறிபோனவை 12. தொலைவில் உள்ளவர் விடுபடும் வரை காத்திருக்காமல், முதல் அச்சம் தோன்றியதுமே பக்கத்தில் நிற்பவருக்குப் பந்தைத் தள்ளிவிடுகிற ஒருவரின் கணக்கு இப்படித்தான் இருக்கும். வியப்பு என்னவென்றால், அவ்வளவு சீக்கிரம் கைவிட்டும் 41 முறை வீழ்த்தப்பட்டார். அதாவது, பந்தை நீண்ட நேரம் வைத்திருப்பது என்ற பழைய குறை முழுவதும் போகவில்லை. அதன்மேல் தூரத்தைப் பார்க்க அஞ்சுவது என்ற புதிய குறையும் சேர்ந்திருந்தது. அரண் தகர்வதற்கு முன்பே அது தகரும் என்று எதிர்பார்த்து, கண்ணை மைதானத்திலிருந்து எடுத்து நெருங்கி வருபவர்கள்மேல் வைக்கும் பழக்கம் குவாட்டர்பேக்குகளிடம் அடிபட்டு அடிபட்டே உருவாகிறது. அது ஒருமுறை படிந்துவிட்டால், அரண் நன்றாக நிற்கும் நாளிலும் கால்கள் பதறுகின்றன.

அதற்கான சான்று அடுத்த ஆண்டே இரு ஊர்களிலிருந்து வந்தது. 2007 மார்ச்சில் டெக்சன்ஸ் அட்லாண்டாவிலிருந்து குவாட்டர்பேக் மேட் ஷாபைப் பெற்றுக்கொண்டு காரை விடுவித்தது. அரணில் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் ஆட்களே நின்றார்கள். ஆனால் அணியின் வீழ்ச்சிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அணி 8 வெற்றி, 8 தோல்வி என்று முடித்தது. 2009இல் ஷாப் 4,770 கெஜம் எறிந்து லீகில் முதலிடம் பெற்றார். கார் போன இடமான கரோலைனாவில், அங்கே முதன்மைக் குவாட்டர்பேக்காக இருந்த ஜேக் டெலோம் காயமடைந்ததால் அவருக்கு நான்கு ஆட்டங்களைத் தொடங்கும் வாய்ப்புக் கிடைத்தது. நான்கில் ஒன்றே வெற்றி. 53.7 விழுக்காடு, 3 டச்டவுன், 5 பறிபோன பந்துகள். முதுகுக் காயமும் சேர்ந்துகொள்ள, அந்த அணி 43 வயதான வின்னி டெஸ்டாவெர்டியை அழைத்து ஆடவைத்தது. வேறு அரண், வேறு பயிற்சியாளர்கள், வேறு நகரம். ஆனாலும் ஹூஸ்டனின் கடைசி ஆண்டுகளில் ஆடிய அதே கார். 2007இல் அவரிடம் எஞ்சியிருந்த குறை அவரோடு பயணித்தது என்பதை மறுக்க இனி இடமில்லை.

இந்த இடத்தில் காரணமும் குற்றமும் வெவ்வேறானவை என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். 2007இன் ஆட்டத்துக்கு உடனடிக் காரணம் காரின் பழக்கங்கள்தாம். அந்தப் பழக்கங்களுக்குக் காரணம், கற்றுக்கொள்ளும் வயதில் அவருக்கு மிஞ்சியது கற்பதற்கான நேரமில்லாத இரண்டு விநாடிகள் என்பது. இருபத்து மூன்று வயது வீரர் பயிற்சியாளரிடம் போய், என்னை உட்காரவையுங்கள் என்று கேட்க மாட்டார். கேட்டால் கோழை என்று பெயர் வாங்குவார். அடிபட்டும் எழுந்து அடுத்த ஆட்டத்துக்கு நின்றது அந்த உலகில் பெருமையாகவே எண்ணப்பட்டது. ஆகவே தடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவர்களிடமே 2002இன் பொறுப்பு பெரும்பாலும் சேர்கிறது. ஆனால் 2006இல் அவர் ஐந்தாம் ஆண்டு வீரர். குவாட்டர்பேக்குகளைச் செதுக்கத் தெரிந்த பயிற்சியாளர் உடனிருந்தார். அந்த ஆண்டில் பழக்கத்தை உடைக்க முடியாமற்போனதில் அவருடைய பங்கு சிறியதல்ல.

முடியாதது என்று சொல்லிவிடவும் இயலாது. ஏனெனில் முடிந்தவர்கள் இருக்கிறார்கள். 1971இல் முதல் தேர்வாக நியூ இங்கிலாந்துக்கு வந்து, பலவீனமான அரணின் பின்னே உடைந்துபோன ஜிம் பிளங்கெட், ரெய்டர்ஸ் அணியில் இரண்டு சூப்பர் பவுல்களை வென்றார். டாம்பா பேயில் தொடங்கிய 19 ஆட்டங்களில் 3ஐ மட்டுமே வென்ற ஸ்டீவ் யங், சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹால் ஆஃப் ஃபேம் வீரராக ஆனார். 2005இல் முதல் தேர்வாக வந்த அலெக்ஸ் ஸ்மித், ஏறக்குறைய ஆண்டுக்கொரு ஒருங்கிணைப்பாளரின்கீழ் ஆடி, தோளில் காயம்பட்டு, கைவிடப்படும் நிலைக்கு வந்த பிறகு, 2011இல் ஜிம் ஹார்பாவின் பயிற்சியில் 13 வெற்றிகள் பெற்ற அணியை நடத்தினார். இவர்களில் பிளங்கெட்டும் யங்கும் மீண்டதற்கு முன் நடந்ததைக் கவனிக்க வேண்டும். பிளங்கெட் ரெய்டர்ஸில் முதல் இரண்டு ஆண்டுகளில் மொத்தமாக 15 பந்துகளே எறிந்தார். யங் நான்கு ஆண்டுகள் ஜோ மான்டானாவுக்குப் பின்னால் காத்திருந்தார். அடிவாங்காமல் ஆட்டத்தைப் பார்க்கும் காலம் அவர்களுக்குக் கிடைத்தது. அதன்பின் வலுவான ஓர் அணியில் மீண்டும் தொடங்கும் வாய்ப்பும் கிடைத்தது.

காருக்குக் காத்திருப்புக் கிடைத்தது, வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2008இல் நியூயார்க் ஜயன்ட்ஸில் ஈலை மேனிங்கின் மாற்று வீரராகச் சேர்ந்தார். இடையில் ஓராண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் கழித்துத் திரும்பி, 2011 பருவத்தின் முடிவில் சூப்பர் பவுல் வென்ற அணியின் உறுப்பினராக மோதிரமும் பெற்றார். ஆனால் மேனிங் அந்தக் காலம் முழுவதும் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாதவர். 2007க்குப் பிறகு கார் எந்த ஆட்டத்தையும் தொடங்கவில்லை. அவருடைய தம்பி டெரிக் 2014இல் ஓக்லண்டில் அறிமுகமானபோது, பந்தை விரைந்து கைவிடும் ஆட்டமுறையோடு வந்து, 599 முறை எறிந்த முதல் பருவத்தில் 24 முறை மட்டுமே வீழ்த்தப்பட்டார். அண்ணன் பட்டதைச் சிறுவயதிலேயே பார்த்து வளர்ந்தவர் அவர்.

எனவே என் கணிப்பு இவ்வளவுதான். 2002இன் 76இல் பெரும்பகுதி டெக்சன்ஸ் நிர்வாகத்தின் கணக்கு. 2005இன் 68இல் பாதிக்கு மேல் அவர்களுடையது, அரணைச் சீராக்க மூன்று டிராஃப்டுகள் கிடைத்தும் முதல் சுற்றில் அதைச் செய்யாததால். 2006இலும் 2007இலும் நாம் பார்த்த தயக்கம் காருடையது, அது எங்கே உருவானது என்பதை மறக்காமல் சொன்னாலும். நல்ல அரணின் பின்னே, நன்றாக ஓய்வெடுத்த ஒரு கார் என்ன செய்திருப்பார் என்ற கேள்விக்கு, ஈலை மேனிங்கின் உடல்நலம் பதில் சொல்ல இடம் தரவில்லை.